"அப்பீல்ல விட்டுட்டாங்க"ன்னா என்ன அர்த்தம் தம்பி?

கேள்வி:

அக்கா, எனக்கு 28 வயசு, விருதுநகர் மாவட்டத்துல ஒரு கிராமம். 21 வயசுல பொங்கல் கபடி மேட்ச்ல ஆரம்பிச்ச சண்டை, நான் கட்டையால அடிச்சு ஒரு பையனுக்கு தலையில ஆறு தையல். ஐ.பி.சி 294(பி), 323, 324, 506(2)னு கேஸ், அதாவது கெட்ட வார்த்தை, அடிச்சது, ஆயுதத்தால அடிச்சது, மிரட்டினது. கீழ்க்கோர்ட்ல ஆறு மாசம் தண்டனை, 40 நாள் உள்ள இருந்தேன், அப்பீல்ல விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு வம்புக்கும் போகலை. லாரி ஷெட்ல கணக்கு எழுதிக்கிட்டே தபால்ல பி.எஸ்சி சைக்காலஜி முடிச்சேன். உள்ள இருந்தப்ப வாரம் ஒருநாள் மனசு விட்டுப் பேச வைக்கற ஒரு மனநல கவுன்சிலர் சார் வருவார், அவர் வந்துட்டுப் போன ராத்திரி மட்டும்தான் எங்க பிளாக்ல எல்லாரும் தூங்குவோம். நானும் அந்த வேலைக்குப் போகணும். ஒரு வக்கீல் குமாஸ்தா "கேஸ் இருக்கறவனுக்கு லைசென்ஸே தரமாட்டான்"ங்கறார். ஃப்ரெண்டு "யாருக்கும் தெரியாது, வாயைத் திறக்காத"ங்கறான். யாரை நம்பறது?

பதில்:

தம்பி, ரெண்டு பேரையும் நம்ப வேணாம். குமாஸ்தா சொன்னது பாதி தப்பு, ஃப்ரெண்டு சொன்னது முழு தப்பு. இந்த வேலைக்கு நீங்க வரமுடியும், எல்லாக் கதவும் திறக்காது, சிலது லேட்டா திறக்கும், ஆனா வரமுடியும். நான் 22 வருஷமா மனநல சமூகப் பணியாளரா இருக்கேன், அதுல பாதி வருஷத்துக்கு மேல எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) பசங்களுக்கு ஃபீல்டு ஒர்க் சூப்பர்வைசர், அதனால வேலை கேக்கறவங்க பக்கமும் உக்காந்திருக்கேன், குடுக்கறவங்க பக்கமும் உக்காந்திருக்கேன்.

உங்க லெட்டர்ல நான் நின்னுபோன இடம் ஒண்ணு இருக்கு, "அப்பீல்ல விட்டுட்டாங்க". எங்க ஓபிக்கு வர்றவங்க, ஜெயில்ல இருந்து வந்தவங்க, அவங்க அம்மாமாருங்க எல்லாரும் இதே வார்த்தையைத்தான் சொல்வாங்க, விட்டுட்டாங்க. ஆனா கோர்ட் பாஷையில அதுக்கு மூணு தனித்தனி அர்த்தம் இருக்கு, உங்க வாழ்க்கை அந்த மூணுல எதுங்கறதுலதான் இருக்கு. ஒண்ணு, குற்றம் நிரூபிக்கப்படலைன்னு விடுதலை பண்ணியிருக்கலாம், அப்படின்னா நீங்க தண்டிக்கப்பட்டவரே இல்ல. ரெண்டாவது, குற்றம் உறுதி, ஆனா உள்ள இருந்த நாளே போதும்னு தண்டனையை மட்டும் குறைச்சிருக்கலாம், அப்ப நீங்க வெளிய வந்தது நிஜம், தண்டனைத் தீர்ப்பு அப்படியே நிக்குது. மூணாவது, குற்றம் உறுதி, ஆனா சின்ன வயசு, முதல் தப்புன்னு 1958-ம் வருஷத்து குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்துல பாண்டு எழுதி வாங்கிட்டு விட்டிருக்கலாம், இதை அப்பீல் கோர்ட்டும் செய்யலாம்.

இந்த மூணாவது உங்களுக்கு அமைஞ்சிருந்தா ரொம்ப நல்லது. அந்தச் சட்டத்தோட 12-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, 3-வது அல்லது 4-வது பிரிவுல விடப்பட்டவருக்கு, தண்டனை பெற்றதால வேற எந்தச் சட்டத்துல என்ன தகுதியிழப்பு வந்தாலும் அது ஒட்டாதுங்குது. பாண்டை மீறி பழைய குற்றத்துக்கே திரும்ப தண்டனை வாங்கினாத்தான் அந்தப் பாதுகாப்பு போகும். ஆனா இங்கதான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க, 12-வது பிரிவு இருக்கே, அப்ப எனக்கு கேஸே இல்லைன்னு நினைச்சுக்கறாங்க. அப்படி இல்ல. தகுதியிழப்புதான் போகுது, குற்றவாளின்னு கோர்ட் சொன்னது அழியறதில்ல. ஃபார்ம்ல "தண்டிக்கப்பட்டதுண்டா"ன்னு கேட்டா பதில் ஆமாங்கறதுதான், பக்கத்துல இந்தச் சட்டப்படி விடப்பட்டேன்னு எழுதணும்.

அதனால காலேஜ் தேடறதுக்கு முன்னாடி கோர்ட்டுக்குப் போங்க. ஜெயில் தண்டனைன்னா தீர்ப்பு சொன்ன அன்னிக்கே குற்றவாளிக்கு இலவசமா ஒரு காப்பி குடுக்கணும்னு சட்டத்துலயே இருக்கு, அப்ப யார் வாங்கினாங்க, அது எந்தப் பீரோவுல கிடக்குதுன்னு உங்க வீட்ல யாருக்கும் தெரிஞ்சிருக்காது. பரவால்ல. சி.சி. நம்பர் (கீழ்க்கோர்ட் கேஸ் நம்பர்), அப்பீல் நம்பர் ரெண்டையும் எடுத்துக்கிட்டு நகல் மனு போடுங்க. நம்பர் ஞாபகம் இல்லைன்னா இ-கோர்ட்ஸ் வெப்சைட்ல உங்க பேரும் வருஷமும் போட்டுத் தேடிப் பாருங்க. இதைச் சொல்லும்போதே இன்னொண்ணும் சொல்லிடறேன், நீங்க தேடற மாதிரி நாளைக்கு ஒரு ஹாஸ்பிடல் எச்.ஆரும் தேடலாம். யாருக்கும் தெரியாதுங்கற உங்க ஃப்ரெண்டுக்கு அதுதான் பதில்.

(இதைப் படிக்கற மத்தவங்களுக்காக ஒண்ணு. பெட்டி கேஸ்னு நினைச்சு "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்துட்டேன்"னு சொல்றீங்கல்ல, அதுவும் தண்டனைதான். ரெண்டு பார்ட்டியும் கோர்ட்ல சமாதானமாகி முடிஞ்சது வேற, அது விடுதலைக்குச் சமம். போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக்குடுத்து முடிஞ்சது இன்னும் வேற. எது உங்களோடதுன்னு பேப்பரைப் பாத்துட்டுத்தான் பேசணும்.)

இப்ப குமாஸ்தா சொன்ன லைசென்ஸ். கிளினிகல் சைக்காலஜிஸ்ட்டுக்குத்தான் நம்ம ஊர்ல ரொம்ப நாளா தெளிவா பதிவு இருக்கு, 1992-ம் வருஷச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சில், ஆர்.சி.ஐன்னு சொல்வோம், அவங்க ரிஜிஸ்டர்ல பேர் இருக்கணும். அந்தச் சட்டத்துல ஒருத்தர் பேரை நீக்கறதுக்கு குற்றத் தண்டனையும் ஒரு காரணம், ஆனா வாசகத்தைக் கவனிங்க, கவுன்சிலோட கருத்துல அந்தக் குற்றம் அவரை ரிஜிஸ்டர்ல இருக்கத் தகுதியில்லாதவரா ஆக்கினா நீக்கலாம்னுதான் இருக்கு. கேஸ் இருந்தா அவ்வளவுதான்னு எங்கயும் இல்ல, என்ன குற்றம், எப்ப, அதுக்கப்புறம் என்னன்னு ஒரு மனுஷக்கூட்டம் உக்காந்து யோசிக்கற விஷயம் அது. அதே சட்டத்துல முக்கியமான உண்மையை மறைச்சு பதிவு வாங்கியிருந்தாலும் நீக்கலாம்னு தனியா இருக்கு. பழைய குற்றத்துக்கு நம்ம பக்கத்துல சொல்ல நியாயம் இருக்கும், மறைச்சதுக்கு என்ன சொல்லுவீங்க?

2021-ல வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்துல சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர், மனநல சமூகப் பணியாளர் எல்லாரையும் சேர்த்திருக்காங்க, அதனால பதிவு இல்லாமலே ஓட்டிடலாம்னு திட்டம் போடாதீங்க, எல்லாரும் ஒரு ரிஜிஸ்டருக்குள்ள வரப்போற காலம் இது.

படிப்பைப் பத்தி. சைக்காலஜியை தபால் வழியில புதுசா சேக்கக்கூடாதுன்னு யு.ஜி.சி 2025 ஜூலை, ஆகஸ்ட் அட்மிஷன்ல இருந்து நிறுத்திடுச்சு, நீங்க ஏற்கெனவே முடிச்ச டிகிரியைப் பத்தி கவலை வேணாம், ஆனா பி.ஜி ரெகுலர்ல போங்க. கிளினிகல் சைக்காலஜின்னா எம்.ஃபில்தான் வழியா இருந்தது, 2020 கல்விக் கொள்கைக்கு அப்புறம் எம்.ஃபிலே முடிவுக்கு வருது, அதுக்குப் பதில் வேற படிப்புகள் வருது, சேர்ற வருஷம் ஆர்.சி.ஐ லிஸ்ட்டுல அந்தக் காலேஜும் அந்தக் கோர்ஸும் இருக்கான்னு நீங்களே பாத்துட்டு ஃபீஸ் கட்டுங்க, புரோக்கர் காட்டற நோட்டீஸை நம்பாதீங்க. எங்க வழின்னா எம்.எஸ்.டபிள்யூ, மருத்துவம் மற்றும் மனநலம் ஸ்பெஷலைசேஷன், ரெண்டு வருஷம். உங்களை மாதிரி ஒருத்தருக்கு நான் இதைத்தான் முதல்ல சொல்வேன், ஏன்னா முதல் வருஷத்துல இருந்தே ஃபீல்டு ஒர்க், உங்க கையையும் உங்க பேச்சையும் பாக்கற ஒரு சூப்பர்வைசர் இருப்பாங்க, பேப்பர்ல இருக்கற உங்களுக்கும் நேர்ல இருக்கற உங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல ஒரு ஆள் கிடைப்பாங்க. பின்னாடி வேலைக்குப் போகும்போது அந்த ஒரு ஆளோட கையெழுத்துக்கு ரொம்ப மதிப்பு.

எங்கெங்க கேப்பாங்கன்னு சொல்லிடறேன். காலேஜ்ல பெரும்பாலும் டி.சி, நன்னடத்தைச் சான்றிதழோட முடிஞ்சிடும். ஃபீல்டு ஒர்க் போகும்போது குழந்தைகள் இல்லம்னா கண்டிப்பா கேப்பாங்க, கேக்கணும். தனியார் ஹாஸ்பிடல்ல பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்னு வெளி கம்பெனிக்கு குடுப்பாங்க. அரசு வேலைன்னா போலீஸ் வெரிஃபிகேஷன், அங்க குடுக்கற ஃபார்ம்ல கைதானதுண்டா, வழக்கு நடந்ததுண்டா, பாண்டு எழுதிக் குடுத்ததுண்டா, அபராதம் கட்டினதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டான்னு தனித்தனியா கேட்டிருக்கும், ஒண்ணொண்ணுக்கும் தனியா பதில் சொல்லணும்.

அரசு வேலை விஷயத்துல அவ்தார் சிங் வழக்குன்னு 2016-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒண்ணு இருக்கு, மனப்பாடமே பண்ணிக்கலாம். சுருக்கமா, கேட்ட தகவலை உண்மையா சொல்லணும், சின்ன வயசுல நடந்த அற்பமான குற்றம்னா அதை மறைச்சிருந்தாலும் நிர்வாகம் மன்னிக்கலாம், ஆனா உண்மையைச் சொல்லிட்டதாலயே வேலை குடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல, நிர்வாகம் யோசிச்சு முடிவெடுக்கலாம். அப்புறம் கேள்வி தெளிவா கேக்கப்பட்டிருக்கணும், கேக்காததைச் சொல்லலைன்னு மறைச்சதா குத்தம் சொல்ல முடியாது. 324-ஐ அற்பம்னு எல்லா அதிகாரியும் ஒத்துக்க மாட்டாங்க, அதையும் தெரிஞ்சே அப்ளை பண்ணுங்க. பிரிட்டன்ல சில தண்டனைகளை குறிப்பிட்ட காலத்துக்கு அப்புறம் சொல்லவேணாம்னு 1974-லயே சட்டம் வந்துடுச்சு, அங்கயும் ஆஸ்பத்திரி மாதிரி வேலைகளுக்கு விதிவிலக்கு. நம்ம நாட்ல பெரியவங்களுக்கு அப்படி பொதுவான சட்டமே இல்ல, எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு, 18 வயசுக்குள்ளன்னா சிறார் நீதிச் சட்டத்துல பெரும்பாலான கேஸ்ல பதிவையே அழிக்கச் சொல்லுது, 21-ல அடிச்ச பையன் 60 வயசு வரைக்கும் "ஆமா"ன்னு எழுதிக்கிட்டே இருக்கணும்.

இப்ப நான் பாத்ததைச் சொல்றேன். சில வருஷத்துக்கு முன்ன என்கிட்ட ஃபீல்டு ஒர்க் பண்ண ஒரு பையன், நல்ல பையன், பேஷண்டுங்க பேரைச் சொல்லி தேடற அளவுக்கு. படிச்சு முடிச்சதும் ஒரு இடத்துல வேலை கிடைச்சது, ஃபார்ம்ல "இல்லை"ன்னு டிக் பண்ணிட்டான், ஏழு மாசம் கழிச்சு யாரோ தேடி எடுத்துட்டாங்க. அவனோட கேஸ் உங்களோடதை விடச் சின்னது. அவனை அனுப்பினப்ப லெட்டர்ல அந்தக் கேஸைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, தவறான தகவல்னு மட்டும் இருந்தது. என்கிட்டயும் அவன் சொல்லலை, சொல்லியிருந்தா நான் கூடவே போயிருப்பேன், அந்த ஏக்கம் எனக்கு இன்னிக்கும் இருக்கு.

இன்னொண்ணு, இது என் தப்பு. ஒரு இன்டர்வியூ போர்டுல நானும் உக்காந்திருந்தேன், ஒருத்தர் அவரா வாயைத் திறந்து பழைய கேஸைச் சொன்னார், அவர் வெளிய போனதும் போர்டுல ஒருத்தர் "ஜெயிலுக்குப் போனவனை எப்படி பேஷண்ட் பக்கத்துல விடறது"ன்னார், நான் பேசலை. என்ன கேஸ், எத்தனை வருஷம் ஆச்சுன்னு ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. அதுக்கப்புறம் எந்த போர்டுல உக்காந்தாலும் அந்த ரெண்டு கேள்வியை நான்தான் கேக்கறேன். ஆக உண்மையைச் சொன்னா உடனே மாலை போடுவாங்கன்னு நான் பொய் சொல்லமாட்டேன் தம்பி. சொல்லி சில இடம் போகும். ஆனா சொல்லிக் கிடைச்ச இடத்துல நீங்க நிம்மதியா சாப்பிடலாம்.

எப்படி சொல்றது? ஊருக்கே சொல்ல வேணாம், கிளாஸ் பசங்களுக்குச் சொல்ல வேணாம். உங்களுக்காக கையெழுத்து போடப்போறது யாரோ அவங்ககிட்ட, அவங்க போடறதுக்கு முன்னாடி, தனியா. நாலஞ்சு வரி போதும், எந்த வருஷம், என்ன நடந்தது, கோர்ட் என்ன சொன்னது, அதுக்கப்புறம் நீங்க என்ன பண்ணீங்க, தீர்ப்பு நகல் இந்தாங்க. கதை சொல்லாதீங்க, அழ வேணாம், "சகவாச தோஷம்"னு அடுத்தவங்க மேல தள்ளாதீங்க.

பேஷண்ட்டுகிட்ட சொல்லவே கூடாதான்னு பின்னாடி கேப்பீங்க. "நானும் உள்ள இருந்தவன்தான்"னு சொன்னா அந்த ஆள் சட்டுனு நெருங்குவார், அந்த நெருக்கம் உங்களுக்கு இனிக்கும், அதனாலதான் முதல் சில வருஷம் சூப்பர்வைசரைக் கேக்காம சொல்லவே சொல்லாதீங்கன்னு நான் பசங்களுக்குச் சொல்றது. எதிர்ல இருக்கறவர் அவரோட பாரத்தை இறக்க வந்திருக்கார், அவர் கையில நம்ம பாரத்தைக் குடுத்தனுப்பக் கூடாது.

அடுத்து சொல்றது கொஞ்சம் கசக்கும். உங்க லெட்டர்ல ஜெயில் இருக்கு, கவுன்சிலர் சார் இருக்கார், குமாஸ்தா, ஃப்ரெண்டு, லாரி ஷெட் எல்லாம் இருக்கு, அந்த ஆறு தையல் போட்ட பையன் இருக்கானா? தையலோட எண்ணிக்கை இருக்கு, அவன் இல்ல. இப்ப எப்படி இருக்கான், அதுக்கப்புறம் கபடி விளையாடினானா, உங்களைப் பாத்தா இன்னும் பயப்படறானான்னு ஒரு வரி இல்ல. நான் குத்தம் சொல்லலை, தண்டனை அனுபவிச்சவங்களுக்கு அவங்க பட்டது மட்டும் கண்ணு முன்னாடி நிக்கறது சகஜம். ஆனா நல்ல போர்டா இருந்தா இதைத்தான் கேக்கும், நானும் இதைத்தான் கேப்பேன். அதுக்காக இப்ப கிளம்பிப் போய் அவன் வீட்டு வாசல்ல நிக்காதீங்க, அவங்களுக்கு அது தேவையான்னு உங்களுக்குத் தெரியாது. முதல்ல உங்க மனசுக்குள்ள அவனுக்கு ஒரு இடம் குடுங்க.

இது வேலைக்கும் நேரா சம்பந்தப்பட்டது. வார்டுல ராத்திரி ஒரு மணிக்கு ஒருத்தர் கொந்தளிச்சு உங்க சட்டையைப் பிடிப்பார், காதால கேக்க முடியாத வார்த்தை சொல்வார், சில சமயம் அடிச்சே போடுவார். அந்த நொடி உங்க கை என்ன பண்ணும்? 2017 மனநலச் சட்டத்துல 95-வது பிரிவு யாரையும் சங்கிலி போடக்கூடாதுங்குது, 97-வது பிரிவு உடனடி ஆபத்தைத் தடுக்க வேற வழியே இல்லைன்னாத்தான் கட்டுப்படுத்தலாம், தண்டனையா ஒருக்காலும் கூடாதுங்குது. உங்களுக்குக் கோபம் இப்ப எப்படி வருது, எங்க முதல்ல தெரியுது, எப்படி இறங்குதுன்னு நீங்களே ஒரு நல்ல ஆள்கிட்ட உக்காந்து பேசணும், காசு இல்லைன்னா ஜி.எச். மனநல ஓபிக்குப் போகலாம், 14416-க்கு டெலி மானஸ்ல, அரசாங்கத்தோட மனநல உதவி போன்ல, பேசலாம், காசு கிடையாது. சரியாகிட்டேன்னு சர்ட்டிஃபிகேட் வாங்கறதுக்காக நான் இதைச் சொல்லலை, நாலு பேர் மனசைத் தொடப்போற கையை முதல்ல நாம தெரிஞ்சுக்கணும்னுதான்.

உங்க பழசைப் பத்தி ஒரு வார்த்தை கேக்காம நாளைக்கே வேலை குடுக்கற இடம் ஒண்ணு இருக்கு, நீங்க தேடாமலே உங்களைத் தேடி வரும். போர்டு மட்டும் வச்சிருக்கற, பதிவே இல்லாத குடி மறுவாழ்வு மையங்கள். உடம்பு வாட்டசாட்டமா, உள்ள இருந்த அனுபவம் இருக்கற ஆள்னா அவங்களுக்கு ரொம்ப வசதி, வர்றவங்களை அமுக்கிப் பிடிக்க, பூட்டி வைக்க. தயவுசெஞ்சு போயிடாதீங்க. உங்களைக் கேள்வி கேக்காத இடம் அங்க இருக்கறவங்களையும் மனுஷனா கேக்காது. உங்க பக்கத்து மாவட்டம்தான் ஏர்வாடி, 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அங்க மனநோயாளிகளைக் கட்டி வச்சிருந்த கொட்டகை தீப்பிடிச்சப்ப சங்கிலியில இருந்ததால ஓடமுடியாம 28 பேர் போனாங்க. அங்க ஒரு தடவை கை வச்சீங்கன்னா இத்தனை வருஷம் நீங்க கட்டினது மொத்தமும் போகும், அதுல வர்ற கேஸ் நியாயமான கேஸாவும் இருக்கும்.

ஆறு மாச டிப்ளமோ முடிச்சுட்டு "கிளினிகல் சைக்காலஜிஸ்ட்"னு போர்டு மாட்டறதும் வேணாம். பதிவு இல்லாம அப்படி நடத்தினா ஆர்.சி.ஐ சட்டத்துல ஒரு வருஷம் வரை ஜெயில்னு இருக்கு, அடுத்தவங்களுக்கு அது ரிஸ்க், உங்களுக்கு அது ரெண்டாவது தண்டனை.

நல்ல இடங்களும் இருக்கு. மதுரையில எம்.எஸ். செல்லமுத்து டிரஸ்ட், சென்னையில 1984-ல இருந்து ஸ்கார்ஃப், 1993-ல இருந்து பான்யன், இந்த மாதிரி பல வருஷமா வெளிச்சத்துல நடக்கற மனநல அமைப்புகள்ல பயிற்சி, வாலண்டியர் வாய்ப்பு இருக்கான்னு கேட்டுப் பாருங்க. பெரியவங்களுக்கான குடி மறுவாழ்வு, வீடில்லாத மனநோயாளிகளுக்கான இல்லம், ஜெயில்ல இருந்து வந்தவங்க குடும்பங்களோட வேலை, இதுல எல்லாம் உங்க கேஸ் மாதிரி பழைய கேஸை பொறுமையா கேக்கறவங்களை நான் பாத்திருக்கேன். குழந்தைங்க சம்பந்தப்பட்ட இடத்தை இப்போதைக்கு விட்டுடுங்க, அங்க வடிகட்டல் கடுமையா இருக்கறது சரிதான். உங்க கேஸ் பெண்கள் மேலயோ குழந்தைங்க மேலயோ நடந்த குற்றமா இருந்திருந்தா நான் இந்தப் பதிலை இப்படி எழுதியிருக்கவே மாட்டேன், வேற தொழில் பாருங்கன்னு நேராவே சொல்லியிருப்பேன்.

தீர்ப்பு நகல் வந்ததும் அப்பீல் கோர்ட்டோட கடைசி ரெண்டு பக்கத்தை, எல்லார் பேரையும் மறைச்சுட்டு எனக்கு அனுப்புங்க, மூணுல எதுன்னு ஒரு வக்கீலை வச்சுப் பாத்துச் சொல்றேன், அந்த ஃபார்ம்ல என்ன வாசகம் எழுதணும்னும் சேர்ந்து எழுதுவோம். காப்பி கிடைக்க வாரக்கணக்கா ஆகலாம், அட்மிஷன் மே, ஜூன்ல ஆரம்பிச்சிடும், அதனால வர்ற திங்கக்கிழமையே ஷெட்ல அரை நாள் லீவு சொல்லிட்டு கோர்ட்டுக்குப் போயிட்டு வாங்க.